சிட்னியிலிருந்து வான்கூவருக்கு

பெரிய சோபாவில் மகன் ஆவுடையப்பன். எதிர் சோபாவில் மகள் சிவகாமி, பக்கத்தில் மருமகன். சுவரோரம் பிளாஸ்டிக் நாற்காலியில் அவர்.

கட்டிலில் யாரும் உட்காரவில்லை. போன மாதம் வரை அதில் அவர் மனைவி படுத்திருந்தாள்.

வீட்டை விற்கப் பேசியாயிற்று. இனி ஆறு மாதம் சிட்னியில் மகனிடம். ஆறு மாதம் வான்கூவரில் மகளிடம்.

அவரை யாரும் கேட்கவில்லை.

மருமகன் கைப்பேசியில் தேடினார்.

"பன்னெண்டாயிரத்து ஐந்நூறு கிலோமீட்டர். நேர் ஃபிளைட்டுன்னா பதினாலு மணி நேரம்."

பிறகு சிரித்தார்.

"இதப் பாருங்க. ஒண்ணாந்தேதி மத்தியானம் சிட்னியில ஏறுனா, அதே ஒண்ணாந்தேதி காலையில நம்ம வான்கூவர்ல எறங்கிருவாரு."

சிவகாமி சிரிக்கவில்லை.

"அப்ப அந்த நாளு ரெண்டு தடவ வருதே. ஏல, அது யாரு முறை?"

"என் வீட்டுல தின்னுட்டுத்தான வாராரு. ரெண்டாந்தடவ வாறது ஒன் நாளுதான்க்கா."

"திரும்பி வரும்போது ஒரு நாளு முழுசாக் காணாமப் போகும். அந்த லாபம் மட்டும் ஒனக்கா?"

வெகுநேரம் பேசினார்கள். காப்பியில் ஆடை படிந்தது.

அவர் தொண்டையைச் செருமினார்.

"வழியில எனக்கு ஏதும் ஆயிட்டா?"

மகன் அக்காவைப் பார்த்தான். அக்கா புருஷனைப் பார்த்தாள். மருமகன் வரைபடத்தை விரலால் விரித்தார். திரை முழுக்கக் கடல்.

"ஹவாய் தாண்டிட்டா நாங்க. தாண்டலைன்னா தம்பி."

கிண்டலாகத்தான் சொன்னார்.

"அது நியாயம் அத்தான்" என்றான் ஆவுடையப்பன்.

கடைசியில் சிவகாமிதான் முடித்து வைத்தாள்.

"பறக்குற நாளு ஒனக்கும் வேண்டாம், எனக்கும் வேண்டாம். அது அப்பா பாடு."

இருவருக்கும் அது பிடித்திருந்தது.

அவர் எழுந்து உள்ளே போனார்.

போனில் பேசினால் கூடத்துக்குக் கேட்கும். கோடு போட்ட தாள் எடுத்தார். வலது மூலையில் ஊர், தேதி. டவுனில் விமான டிக்கெட் போடுகிறவருக்கு எழுதினார்.

'ஐயா, சிட்னிக்கும் வான்கூவருக்கும் நடுவே என் மகன் எனக்கு நேர் விமானம் கேட்பான். அது வேண்டாம். பல ஊர்களில் இறங்கி ஏறிப் போகும்படி போடவும். எங்கே அதிக நேரம் காத்திருக்க வேண்டுமோ அந்த வழி நல்லது. கூடுதல் செலவை என் பென்ஷனில் கொடுத்துவிடுகிறேன்.'

படித்துப் பார்த்தார். ஒரு வரி சேர்த்தார்.

'எத்தனை நாள் ஆனாலும் சரி.'

கூடத்தில் சீட்டுக் குலுக்கிக்கொண்டிருந்தார்கள். தோற்றவருக்கு முதல் ஆறு மாதம்.

அவர் செருப்பை மாட்டியதை யாரும் பார்க்கவில்லை.

தெருமுனையில் உறையின் ஓரத்தை நாக்கால் நனைத்து ஒட்டினார். அழுத்தித் தேய்த்தார். தபால் பெட்டிக்குள் போட்டார்.

அது விழுகிற சத்தம் கேட்கும்வரை நின்றார்.