ஓநாயின் உத்தரவு

"நீ எனக்குச் சொந்தம்! என்னைக் கேக்காம வாசலைத் தாண்டினே, குதறிடுவேன்!"

சுவருக்கு அப்பால் மறுபடியும் அந்த உறுமல். டேட்டன் நகர அடுக்ககத்துக்குப் புதிதாகக் குடிவந்திருந்த டோரீனுக்கு ரத்தம் கொதித்தது. போய்ப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினாள். மார்சி திறந்தாள்.

"பயப்படாதம்மா, எங்கூட வந்துடு. போலீஸைக் கூப்பிடலாம்."

மார்சி சிரித்துவிட்டாள். "ஐயோ, அது நான் எழுதின காதல் நாவல்ல வர்ற ஓநாய் மனுஷன்! ஒலிப்புத்தகத்துக்காக என் வீட்டுக்காரர் படிக்கிறார். வெளிச்சத்தம் கேக்காம இருக்கத் துணி அலமாரிக்குள்ள உக்கார வெச்சிருக்கேன்."

"காதலியை இப்படியா மிரட்டுவான்?"

"வாசகிகளுக்கு அதுதானே பிடிக்குது!"

உள்ளே அலமாரிக் கதவு லேசாகத் திறந்தது. அதே குரல் குழைந்தது. "மார்சி கண்ணு, தொண்டை வறண்டுபோச்சு. வெளிய வரட்டுமா?"

"அத்தியாயம் முடிஞ்சுதா?"

"இன்னும் ரெண்டே பக்கம்..."

"முடிச்சுட்டு வாங்க."

கதவு சத்தமில்லாமல் மூடிக்கொண்டது. உள்ளிருந்து உறுமல் கேட்டது.

"இந்த வீட்டுல நான் வெச்சதுதான் சட்டம்!"