அழாத பிள்ளை

எழிலைப் போல அடக்கமான பிள்ளை ஆவடி குவார்ட்டர்ஸிலேயே கிடையாது என்பார்கள். ஐந்து வயதுதான். விழுந்தாலும் அழமாட்டாள், திட்டினாலும் முகம் சுளிக்கமாட்டாள். தமயந்திக்கு மகளை நினைத்து அவ்வளவு பெருமை.

அன்று மதியம் பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்ததும் பதறிக்கொண்டு ஓடினாள். ஆயா வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"கை ஒடிஞ்சிகீது போலம்மா. காலையில பெஞ்சிலேர்ந்து வியுந்துகீது. சோறு துன்னும்போது வீங்கிகினு இருந்ததப் பாத்துதான் எங்களுக்கே தெரியும். அதுவரைக்கும் சிரிச்சிகினே குந்தினு இருந்துச்சு."

உள்ளே எழில் இப்போதும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். டீச்சர் குரலைத் தாழ்த்தினார்.

"ஏன் யார்கிட்டயும் சொல்லலைன்னு கேட்டேன். அவ சொன்ன பதில் எனக்குச் சரியாப் படலைங்க. நீங்களே கேளுங்க."

தமயந்தி மகள் முன்னால் மண்டியிட்டாள்.

"வலிக்கலையா கண்ணு?"

"ரொம்ப வலிக்குதும்மா."

"அப்புறம் ஏன் அழலை?"

எழில் குழப்பத்தோடு அம்மாவைப் பார்த்தாள்.

"அப்பா அடிக்கிறப்போ நீயும் சிரிச்சுக்கிட்டேதானேம்மா 'ஒண்ணுமில்லடா'ன்னு சொல்வே?"

தமயந்தி டீச்சரை நிமிர்ந்து பார்த்தாள். அவளை அறியாமலே அதே சிரிப்பு முகத்தில் வந்து நின்றது.