இருபது குச்சிக் கூடு

வானத்தைப் பார்த்தே கண் பூத்துப்போன வருஷம் அது. பொதுக்கிடங்கு நெல் இனி ஏழைகளுக்கு மட்டும்தான், இருபது குச்சிக்கு மேல் கூடு கட்டியவர்களுக்குக் கிடையாது என்று காட்டில் புதுச் சட்டம் வந்தது. கொண்டைக்குருவியின் குஞ்சுகள் மூன்றும் பசியில் கத்தின. அவள் தன் கூட்டிலிருந்து குச்சிகளை ஒவ்வொன்றாக உருவிப் போட்டாள்.

விசாரிக்க வந்த மைனா எண்ணிப் பார்த்தது. "இன்னும் ரெண்டு குச்சி கூடுதலா இருக்கேம்மா."

"பிள்ளைங்க படுக்க இடம் வேணாமாண்ணே?"

"சட்டம் நான் போட்டதா தாயி? எனக்கு மேல ஆந்தை உட்கார்ந்திருக்கு."

கண்ணை மூடிக்கொண்டு அந்த ரெண்டையும் உருவினாள். கடைக்குட்டி நழுவிக் கீழே பாறையில் விழுந்தது. அப்புறம் அதன் சத்தமே இல்லை.

மைனா கீழே எட்டிப் பார்த்தது. பிறகு குச்சிகளை மறுபடி எண்ணிவிட்டுச் சொன்னது: "இப்போ நீ ஏழைதான்மா, எழுதிட்டேன். நாளைக்கு வந்து ரெண்டு பிள்ளைக்கு உண்டான நெல்லை வாங்கிக்கோ."