வாளியின் காய்ச்சல்

எண்பத்தேழு ஜனவரியில் தவமலரின் லண்டன் பிளேஸ்டோ வீட்டில் இருந்தது ஒரேயொரு ஹீட்டர். அது பியர் புளிக்கும் வாளிக்கு முன்னால் நின்றது. கணவர் இராசதுரை அந்த வாளிக்குச் செய்த உபசாரம் புது மாப்பிள்ளைக்குக்கூட நடக்காது. வாளியில் ஒட்டிய, வெப்பம் காட்டும் பட்டையில் இருபது பாகை தெரியவேண்டும்; குறைந்தால் அவர் போடும் சத்தத்தில் வீடே அதிரும்.

தவமலரின் தம்பி நேசன் ஊரிலிருந்து வந்து மூன்று கிழமை.

“அத்தான், ஹீட்டரை ஒருக்காத் தாங்கோ. குளிர் தாங்க ஏலாமக் கிடக்கு.”

“ஈஸ்ட் செத்துப்போயிடும். நீ கோட்டைப் போட்டுக்கொண்டு படு.”

ஆம்புலன்ஸ் வந்தபோது நேசனுக்குக் காய்ச்சல் முப்பத்தொன்பது பாகை. மறுநாள் ஆஸ்பத்திரியில் செத்துப்போனான்.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்த அன்று தவமலர் வாளியின் பட்டையைப் பார்த்தாள். முப்பத்தொன்பது. அந்தப் பட்டையில் முப்பதுக்கு மேல் எண்ணே கிடையாது. ஹீட்டரும் அணைந்திருந்தது.

“நல்லாப் பொங்குது,” என்று இராசதுரை சந்தோஷப்பட்டார். பியரைப் போத்தல்களில் அடைத்தார். கழுவிக் காயவைத்த வாளியிலும் முப்பத்தொன்பது அழியவில்லை.

இரண்டு கிழமை கழித்து முதல் போத்தலைக் குடித்தார். பற்கள் கிடுகிடுக்கத் தொடங்கின.

“மலர், குளிருது. ஹீட்டரைக் கொண்டு வாரும்.”

தவமலர் ஹீட்டரைப் போட்டு, வெறும் வாளியின் பக்கம் திருப்பி வைத்தாள்.

“ஈஸ்ட் செத்துப்போயிடும்,” என்றாள். “நீங்கள் கோட்டைப் போட்டுக்கொண்டு படுங்கோ.”