எகிறும் தூளி

"அடப்பாவி லூர்து, பச்சப்புள்ளய இப்புடியா ஆட்டுவ? நிறுத்துடா!"

மகள் வீட்டில் ஒரு மாதம் இருந்துவிட்டு, லூர்துவுக்குக் குழந்தை பிறந்த சேதியை மட்டும் கேட்டு அன்றுதான் கடலூர் திரும்பியிருந்த பக்கத்து வீட்டுத் தைலம்மாள் வாசலிலேயே அலறினாள். ஸ்பிரிங்கில் தொங்கிய தூளி, பழைய கார் வைப்பர் மோட்டார் இழுக்க இழுக்க, ஒவ்வொரு தடவையும் இன்னும் உயரமாக எகிறியது.

மரியலூர்து மோட்டாரை நிறுத்தினான். "மோட்டார் வேகமும் ஸ்பிரிங்கோட சொந்த வேகமும் ஒண்ணாயிட்டா இப்படித்தான் எகிறும்க்கா. இப்பப் பாருங்க."

தூளிக்கு அடியில் கம்பியில் ஒரு தட்டை மாட்டி, கீழே இருந்த எண்ணெய் வாளிக்குள் இறக்கினான். மறுபடி போட்ட மோட்டார் அதே வேகத்தில்தான் ஓடியது. தூளி நாலு விரல் உயரத்துக்கு மேல் போகவில்லை.

"எகிறுற வேகத்த எண்ணெய் தின்னுடுதுக்கா."

"பெரிய மூளைடா ஒனக்கு! ஆமா, இவ்ளோ ஆட்டியும் புள்ள அழுவலியே?"

தைலம்மாள் துணியை விலக்கிப் பார்த்தாள். உள்ளே ஒரு அரிசிப் பை கிடந்தது.

"புள்ள எங்கடா?"

"சிதம்பரத்துல ஆஸ்பத்திரியில, கண்ணாடிப் பொட்டில இருக்குறா. எட்டாம் மாசமே பொறந்துட்டா. ரெண்டு கிலோ வந்தாத்தான் அனுப்புவாங்களாம். எடை மாறுனா ஆட்டமும் மாறும்க்கா. அதான் கூட இருக்குற ஜெனிஃபர் தெனம் சொல்ற எடைக்கு அரிசி போட்டுப் பாக்குறேன்."

செல்போன் அடித்தது; மனைவிதான். "இன்னைக்கு எவ்ளோ ஜெனி?" என்று கேட்டவன், பதில் வந்ததும் மோட்டாரை நிறுத்தினான்.

தைலம்மாள் டப்பாவிலிருந்து கை நிறைய அரிசியை அள்ளிக்கொண்டு வந்தாள். "எவ்ளோப்பா போடணும்?"

"போட வேணாம்க்கா. அந்தப் பையத் தூக்கிடுங்க. நாளைக்குப் பாப்பா வர்றா."