இன்னொரு காது
மற்ற வண்டிகளெல்லாம் ஒதுங்கி வழிவிட்ட பிறகும், சிக்னலில் வெள்ளைக் கார் ஒன்று மட்டும் ஆம்புலன்ஸுக்கு முன்னால் அசையாமல் நிற்கிறது. சைரன் தொண்டை கிழியக் கத்துகிறது. ஆம்புலன்ஸுக்குள், பிரசவத்தில் ரத்தம் நிற்காத மனைவியின் கன்னத்தைத் தட்டி, "கண்ண மூடாத, என்னையே பாரு" என்று கணவன் கெஞ்சிக்கொண்டிருக்கிறான். பொறுக்கமாட்டாமல் நர்ஸ் குதித்திறங்கி, காரின் கண்ணாடியை ஓங்கி அறைகிறாள். ஸ்டியரிங்கில் தாளம் போட்டுக்கொண்டிருந்த இளைஞன் திடுக்கிட்டுக் கண்ணாடியைப் பாதி இறக்கி, இயர்போனைக் கழற்றுகிறான். "ஒரு காதுலதான் மேடம் மாட்டியிருந்தேன். அதுக்கெல்லாம் ஃபைன் கிடையாது." அவள் ஆம்புலன்ஸைக் காட்டுகிறாள். "நான் ஃபைன் போட வரல. இன்னொரு காத என்னத்துக்கு வச்சிருக்க?" பதில் சொல்ல வாயெடுத்தவன், பாதிக் கண்ணாடியில் அவளுடைய ரத்தம் தோய்ந்த கையுறை பதித்த சிவப்பு விரல் தடங்களைப் பார்க்கிறான்.