பதினான்கு டைல்

"எவ்வளவு தூரத்துல நின்னு எடுப்பீங்க சார்?"

அவர் குனிந்து கடையின் தரையைப் பார்த்தார்.

பதினேழு வருடமாக இந்தக் கேமரா கடையில்தான் குப்பை கொட்டுகிறேன். வருகிறவர்களிடம் மூன்றே மூன்று கேள்விதான் கேட்பேன். யாரை எடுக்கப் போகிறீர்கள், வெளிச்சம் எப்படி, தூரம் எவ்வளவு. அதற்குமேல் கேட்டால் குழம்பிவிடுவார்கள். குறைத்துக் கேட்டால் மறுநாளே மாற்றித் தரச் சொல்லி வந்து நிற்பார்கள்.

முதல் இரண்டுக்கும் பதில் வந்துவிட்டது. மகள், எட்டு வயது. ஒரு அறை, அதில் அழுது வடிகிற ஒரே ஒரு டியூப் லைட். ஃப்ளாஷ் மட்டும் கூடவே கூடாது.

போனில் எடுத்த படங்களைக் காட்டினார். எல்லாவற்றிலும் சுவரோரமாக மஞ்சள் நிறத்தில் ஏதோ இழுத்துப் பூசியதுபோல் இருந்தது. அதுதான் பிள்ளை என்று அவர் சொன்னதால் நம்பினேன்.

"ஒரே ஒரு படம் தெளிவா வந்தா போதும். மூஞ்சி தெரியணும்" என்றார்.

"ரூம்ல இன்னும் ரெண்டு லைட்டு மாட்டிடுங்களேன் சார்." கடைக்காரன் வாயில் வரக்கூடாத யோசனைதான். முதலாளி கேட்டிருந்தால் சீட்டைக் கிழித்திருப்பார்.

"அந்த ரூம்ல நாம எதையும் மாத்த முடியாது."

வாடகை வீடு போலிருக்கிறது, வீட்டுக்காரர் கறார் பேர்வழி என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன்.

பெரிய சென்சார் உள்ள கேமராவாக ஒன்றை எடுத்து வைத்தேன். நம் கை நடுங்கினால் அது சமாளித்துக்கொள்ளும், பிள்ளை ஆடினால் சமாளிக்காது, அதற்கு வாய் அகன்ற லென்ஸ்தான் வேண்டும் என்று விளக்கினேன். எந்த லென்ஸ் என்பது மட்டும் தூரத்தைப் பொறுத்தது.

அப்போதுதான் அந்த மூன்றாவது கேள்வி.

அவர் திரும்பி வாசலை நோக்கி நடந்தார். போச்சுடா, ஆள் கிளம்பிவிட்டார் என்று நினைத்தேன். இல்லை. எங்கள் கடைத் தரையில் ஒரு அடிக்கு ஒரு அடி டைல் போட்டிருக்கிறது. உதட்டை அசைத்து அதை எண்ணிக்கொண்டே போனவர், கண்ணாடிக் கதவருகே நின்று திரும்பினார்.

"இங்கேருந்து. பதினாலு."

அது எண்பத்தைந்து எம்.எம். லென்ஸுக்கான தூரம், தள்ளி இருப்பதைக் கிட்ட இழுத்துக் காட்டும். மாட்டிக் கொடுத்தேன். கடை விளக்குகளைப் பாதி அணைத்துவிட்டு, கதவருகே நின்றே என்னை ஒரு படம் எடுக்கச் சொன்னேன்.

திரையில் பார்த்தால், காலையில் முகம் மழிக்கும்போது தாடையில் விழுந்த கீறல்வரை தெரிந்தது. எனக்கே பெருமையாக இருந்தது. எனக்கு வாயும் சும்மா இருக்காது.

"சொந்தப் பிள்ளையை இவ்வளவு தள்ளி நின்னு எடுக்கற அப்பாவை இப்பதான் சார் பாக்கறேன். கிட்டப் போனா அடிப்பாளா?"

அவரும் சிரித்தார். பிறகு லென்ஸைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"வீடு இல்லைங்க. பிள்ளையைப் பாக்கறதுக்குக் கோர்ட்ல குடுத்திருக்கற ரூம். மாசத்துல ரெண்டு சனிக்கிழமை, ஒரு மணி நேரம். அவ அம்மா வெளிய உக்காந்திருப்பாங்க."

நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"முதல் தடவை அவ கதவை விட்டு நகரவே இல்லை. அங்கயும் இதே அளவு டைல்தான், பத்தொம்பது. நானா எழுந்து போனா அழுவா, அதனால உக்காந்த இடத்துலயே இருப்பேன். அப்புறம் பதினாறு. அப்புறம் பன்னெண்டு வரைக்கும் வந்துட்டா. போன தடவை தெரியாம ஃப்ளாஷ் அடிச்சுத் தொலைச்சேன். ரெண்டு டைல் பின்னாடி போயிட்டா."

கடையில் வேறு யாரும் இல்லை. நல்லவேளை என்று இருந்தது.

"இந்த லென்ஸை வெச்சு எவ்வளவு கிட்ட எடுக்கலாம்?" என்று கேட்டார்.

"மூணு டைலுக்குள்ள வந்துட்டா பிடிக்காது சார். மங்கிடும்."

எண்பத்தைந்தைக் கழற்றிக் கவுண்டரில் வைத்துவிட்டார். நான் முப்பத்தைந்தை எடுத்து நீட்டினேன்.

"இது ஒரு டைல்லயும் பிடிக்கும். ஆனா பதினாலுலேருந்து எடுத்தா சுண்டுவிரல் அளவுக்குத்தான் தெரிவா. மூஞ்சி தெரியாது சார்."

"இதையே குடுங்க."

வேறு யாராக இருந்தாலும் மல்லுக்கட்டியிருப்பேன். மாற்ற வந்து நிற்கிற கேஸ் இது என்று தொழில் சொன்னது. ஆனால் முப்பத்தைந்தையே கேமராவில் மாட்டிக் கொடுத்தேன்.

"ஒரு டைல் தூரத்துல வெச்சு டெஸ்ட் பண்ணிப் பாத்துடலாமா? நீங்க கொஞ்சம் அவ உயரத்துக்கு..." என்று தயங்கினார்.

கவுண்டரைச் சுற்றி வந்தேன். தொப்பையை அடக்கிக்கொண்டு அவருக்கு முன்னால் தரையில் முட்டி போட்டேன்.

"எவ்வளவு உயரம் இருப்பா சார்?"

இடுப்புக்கு நேராகக் கையை வைத்துக் காட்டினார். நான் குனிந்தேன். இல்லை என்று தலையாட்டிவிட்டுக் கையை மேலே ஏற்றினார். நிமிர்ந்தேன். நெஞ்சுவரை கொண்டுபோனார். மறுபடியும் கொஞ்சம் இறக்கினார்.

"பக்கத்துல நின்னு ரெண்டு வருஷம் ஆகுதுங்க. இப்ப எனக்கு எதுவரைக்கும் வருவான்னு தெரியலை."

என் தலைக்கு மேலே அந்தக் கை ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது. அது ஒரு இடத்தில் நிற்கட்டும் என்று நானும் முட்டி போட்டபடியே காத்திருந்தேன்.